காரைக்கால் குடிநிலைப் பதிவேடுகள்: ஒரு விமர்சனம்

பிரெஞ்சு ஆட்சி காரைக்காலில் விட்டுச்சென்றவற்றுள் இன்றும் மக்கள் தேடிச் செல்வது 'எத்தா சிவில்' எனப்படும் குடிநிலைப் பதிவேடு. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்றும் அதில் தனித்தனிப் பத்திரங்களாக எழுதப்பட்டன. கோட்டுச்சேரி கொம்யூனைச் சேர்ந்த வரிச்சிக்குடி போன்ற சிற்றூர்களில் வயல் வேலை செய்தவருக்கும் இதனால் எழுத்துவடிவில் ஒரு வரலாறு உண்டு. புதுச்சேரி குறித்த நூல்கள் இந்த ஒழுங்கைப் பாராட்டுவது வழக்கம். அந்தப் பாராட்டு பாதிதான் பொருந்தும்.

பொருந்தும் பாதி பதிவின் அமைப்பைப் பற்றியது. பிறப்புப் பத்திரத்தின் ஓரத்தில் பிற்காலத் திருமணம் குறிக்கப்படும். ஒருவரது வாழ்வின் முக்கிய மாற்றங்களை ஒரே தாளில் தேடும் வசதி இது.

பொருந்தாத பாதி பெயரில் இருக்கிறது. தமிழருக்குத் தந்தை பெயர் முன்னெழுத்தாக நிற்கும். தலைமுறைதோறும் அது மாறும். பிரெஞ்சுச் சட்டம் கேட்டதோ மாறாத குடும்பப் பெயர். 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி சாதி, சமய வழக்குரிமையைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்கள் (ரெனோன்சான்கள்) குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டனர். புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை 'லாபோர்த்' ஆனது இவ்வாறே. துறந்தவர் திரும்ப முடியாது. துறக்காதவர்களின் பெயர்களும் பிரெஞ்சு எழுத்துமுறைக்குள் அகப்பட்டன. முத்துசாமியின் உகரத்துக்குப் பிரெஞ்சில் இரண்டு எழுத்து, ஆங்கிலத்தில் ஒன்று. தாத்தாவின் பத்திரத்தையும் பேரனின் ஆதாரையும் அருகருகே வைத்தால் இரு வேறு குடும்பங்கள் போலத் தோன்றும்.

பெண்களுக்குச் சிக்கல் இன்னும் கூடுதல். பிரெஞ்சுப் பதிவில் பெண் இறுதிவரை பிறந்த வீட்டுப் பெயரால்தான் அறியப்படுவார். இங்கோ திருமணத்துக்குப் பின் முன்னெழுத்து தந்தையிடமிருந்து கணவருக்கு மாறிவிடுவது வழக்கம். ரேஷன் அட்டையில் ஒருவர், பத்திரத்தில் இன்னொருவர். இரண்டையும் இணைக்க ஒரு வாக்குமூலம் தேவைப்படுகிறது.

இவை அலுவலகத் தொல்லைகள் மட்டுமல்ல என்பதை 1962 காட்டியது. 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தது. இப்பகுதியில் பிறந்து இங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள் தாமாகவே இந்தியராயினர். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். 18 வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளைகளுக்காகப் பெற்றோர் முடிவெடுத்தனர். இந்தியாவுக்கு வெளியே வாழ்ந்தவருக்கு நேர்மாறான விதி: எதுவும் எழுதாவிட்டால் அவர் பிரெஞ்சுக்காரராகவே நீடிப்பார். ஆகவே சைகோனில் இருந்த அண்ணன் கையெழுத்தின்றிப் பிரெஞ்சுக் குடிமகனாகத் தொடர, ஊரில் இருந்த தம்பி கையெழுத்திடாததால் அதை இழந்தார். தாய்மொழியும் உறவும் ஒன்றாக இருந்தும் வசிப்பிடம் என்ற ஒரு சொல் இருவரையும் பிரித்தது. படிப்பும் அலுவலகப் பழக்கமும் உள்ள புதுச்சேரி நகரத்தாருக்கு ஆறு மாதம் போதுமானதாக இருந்திருக்கலாம். வயல்வெளிக் கிராமங்களுக்கு அது மிகக் குறுகிய கெடு என்றே கருத வேண்டும். 'சொல்தா' எனப்படும் பிரெஞ்சுப் படை ஓய்வூதியரின் வீட்டையும் அடுத்த வீட்டையும் ஒப்பிட்டால் அந்தக் கையெழுத்தின் மதிப்பு விளங்கும்.

இந்தியச் சட்டமும் இந்தப் பழைய பிரிவினையைத் தொடர்கிறது. இந்து திருமணச் சட்டம் 1963இல் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோது ரெனோன்சான்களுக்கு விலக்களிக்கப்பட்டது. 1881இல் கொள்ளுத்தாத்தா செய்த துறப்பைக் காட்டும் பத்திரம் கொள்ளுப்பேரனின் மணமுறிவு வழக்கில் இன்றும் பொருட்படும்.

தென்னமெரிக்காவின் சிலி நாடும் இதே ஐரோப்பியச் சட்ட மரபில் 1884இல் குடிநிலைப் பதிவுச் சட்டம் இயற்றியது. அங்கே பிறப்பைப் பதிவதும் அடையாள அட்டை தருவதும் ஒரே துறை. தந்தை வழி, தாய் வழி என இரு குடும்பப் பெயர்களும் திருமணத்தால் மாறுவதில்லை. நம்மிடம் பிறப்பு, இறப்புப் பதிவு 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும், ஆதார் வேறொரு ஆணையத்தின் கீழும் நடக்கின்றன. 2023 அக்டோபர் 1க்குப் பின் பிறந்தோருக்குப் பிறப்புச் சான்றிதழே பல தேவைகளுக்குத் தனி ஆதாரம் என்ற திருத்தம் வந்துள்ளது. அதற்கு முன் பிறந்த காரைக்கால்காரர்கள் இன்னும் வாக்குமூலத்தோடுதான் அலுவலகம் செல்கின்றனர்.