235 டயருக்கு எத்தனை காற்று? போடிமெட்டு ஏற்றத்தில் ஒரு சோதனை

பொலேரோவுக்கு வீல் மாற்றியவர்களிடம் போடியில் கேட்டுப் பாருங்கள். "கடையிலேயே 40 வச்சு விட்டாங்க" என்பார் ஒருவர். "அகல டயர்தானே, 24 போதும்ணே" என்பார் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் இன்னொருவர். இரண்டுமே ஆபத்தான எண்கள். ஒன்று ஈரத்தில் வழுக்கும், மற்றது வளைவில் டயரைச் சூடாக்கித் தோளைத் தின்னும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் தினமும் போய்வருகிறவர்கள் இதைக் குத்துமதிப்பாக விடக்கூடாது.

கம்பெனி தந்த 215/75 ஆர்15 டயரைக் கழற்றிவிட்டு, அலாய் வீலில் 235/75 ஆர்15 ஆல்-டெரெய்ன் டயர் போட்ட பொலேரோ ஒன்றை முந்தல், போடிமெட்டு, பூப்பாறை என்று ஓட்டிப் பார்த்தேன். வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் சென்சார்கள் நான்கு, டாஷ்போர்டில் அதற்கொரு சின்னத் திரை, கையில் ஒரு டயல் கேஜ்.

முதலில் டயரைப் பற்றி. விட்டம் 30 மி.மீ. கூடுகிறது, அதாவது தரையிலிருந்து வண்டி 15 மி.மீ. உயர்கிறது. தோட்டப் பாதைக் கற்களில் இது கைகொடுக்கிறது. ஸ்பீடோமீட்டர் 4 சதவீதம் குறைத்துக் காட்டும்; முள் 60-இல் நின்றால் வண்டி 62-ஐத் தாண்டிப் போகிறது. ஏற்றத்தில் இரண்டாம் கியரில் இழுவை சற்றுச் சோர்கிறது. ஈரத் தார்ச்சாலையில் பிடிப்பு நன்றாகவே இருக்கிறது, காற்று சரியாக இருக்கும்வரை.

அந்தச் சரியான காற்று எது? ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டிய சீட்டில் இருப்பது பழைய அளவு டயருக்கானது. டயரின் பக்கச் சுவரில் அச்சடித்திருப்பதோ அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். வைக்க வேண்டிய அளவு அல்ல. கடைக்காரர்கள் 40 என்று நிரப்புவது பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான். காற்று சுமப்பது வண்டியின் எடையை. பழைய டயரின் சுமைக் குறியெண் 100 என்றால் அது 800 கிலோ தாங்கும். புதியதில் 105 என்றிருந்தால் 925 கிலோ. வண்டி எடை மாறவில்லை, காற்றுப் பை பெரிதாகிவிட்டது. ஆகவே அதே சுமைக்கு நாலைந்து பி.எஸ்.ஐ குறைவாகவே போதும். ஆனால் டயரில் 'எக்ஸ்.எல்' என்றோ 'எல்.டி' என்றோ இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. தடித்த உடம்புள்ள அந்த டயர்கள் தங்கள் முழுச் சுமையைத் தாங்கக் கூடுதல் காற்று கேட்கும். வாங்கும்போதே அந்த எழுத்துகளைப் பாருங்கள்.

கணக்கு தருவது தொடக்கப் புள்ளி. மிச்சத்தைச் சாலைதான் சொல்ல வேண்டும். அதற்கு மலைப்பாதை உதவாது. பிரேக் சூடும் உயரமும் அளவைக் குழப்பும். சமதளமான தேனி சாலை போதும். விடியற்காலையில் வண்டி நகர்வதற்கு முன் அளந்துவிட்டு, வழக்கமான சுமையோடு அரை மணி நேரம் ஓட்டி உடனே அளக்க வேண்டும். ஏற்றம் 4 பி.எஸ்.ஐ அளவில் இருந்தால் சரி. முன் டயரில் 24 வைத்தபோது 6 ஏறியது: டயர் நசுங்கி நசுங்கிச் சூடாகிறது. 36-இல் இரண்டுகூட ஏறவில்லை. 28-இல் நாலுக்குப் பக்கத்தில் நின்றது.

சாக்பீஸ் சோதனை இன்னும் எளிது. டயர் பட்டன்களின் குறுக்கே, ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை கோடு இழுத்துவிட்டு நேராகக் கொஞ்சதூரம் ஓட்டுங்கள். 36-இல் நடுவில் மட்டும் கோடு அழிந்தது, இரண்டு ஓரமும் வெள்ளையாகவே இருந்தன. 28-இல் முழுக்கோடும் ஒரே சீராக மங்கியது. பின் டயருக்கு, ஆள் நிறைந்தபோது 32 வைத்தால்தான் அதே மங்கல் கிடைத்தது. இவை இந்த வண்டிக்கும் இந்த டயருக்கும் உரிய எண்கள்; உங்களுடையதை நீங்களேதான் தேட வேண்டும்.

இனி மலை. உயரம் போகப்போக டயரில் காற்று ஏறுமென்று சிலரும், குளிரில் இறங்குமென்று சிலரும் சொல்கிறார்கள். இரண்டுமே உண்மை, அதனால்தான் விளைவு எதுவுமில்லை. போடியிலிருந்து போடிமெட்டு சுமார் 1,000 மீட்டர் உயரம். வெளிக்காற்றின் அழுத்தம் ஒன்றரை பி.எஸ்.ஐக்கு மேல் குறைவதால் கேஜ் அந்த அளவு கூட்டிக் காட்ட வேண்டும். மேலே எட்டுப் பத்து டிகிரி குளிர்ச்சி என்றால் ஏறக்குறைய அதே அளவு இறங்கவும் வேண்டும். மெட்டில் வண்டியை நிறுத்தி, டயர் நன்றாக ஆறியபின் அளந்தேன். டயல் கேஜ் 28-ஐ ஒட்டியே நின்றது. நைட்ரஜன் நிரப்பியவர்களுக்கும் இதே கதைதான்.

ஆனால் சென்சார் திரை 26 என்றது. இந்தக் கருவியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். இவ்வகைச் சென்சார்களில் பல, டயருக்குள் உள்ள மொத்த அழுத்தத்தை அளந்து அதிலிருந்து கடல்மட்டக் காற்றழுத்தத்தைக் கழித்துக் காட்டுகின்றன. மலையில் வெளிக்காற்று மெலிந்திருப்பது அவற்றுக்குத் தெரியாது. எச்சரிக்கை எல்லையை 27-இல் வைத்தால் மேலே போனதும் கத்தும். அதை நம்பி அங்கே காற்றுப் பிடித்துவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே நடுப்பகல் போடி வெயிலுக்கு இறங்கினால் டயர் கல்லாகிவிடும். எல்லையை 23-இல் வையுங்கள். மலைமேல் திருத்தம் வேண்டாம்.

மற்றபடி சென்சார் பயனுள்ளதே. மெதுவாக இறங்கும் பஞ்சரை வளைவுக்கு முன்பே சொல்லிவிடும். தோட்டப் பாதையில் கற்பிடிப்புக்காக 20 வரை இறக்குகிறவர்கள் தார்ச்சாலை ஏறும் முன் மறுபடி காற்று அடிக்க மறந்தால் நினைவூட்டும். ரப்பர் வால்வு என்றால் சென்சாரின் கனத்துக்கு அசையும், உலோக வால்வாக மாற்றிக்கொள்வது நல்லது. மலை மழையில் திருகுமரை பிடித்துக்கொள்ளாமல் இருக்கத் துளி கிரீஸ் தடவுங்கள். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டயல் கேஜை வாங்குங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல அளவுகளிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. டயர் அளவை மாற்றும் முன் ஆர்.டி.ஓ அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள்.

ஸ்டெப்னியாகப் பழைய 215 டயரையே விட்டுவைத்திருக்கிறீர்களா? பின்னால் பஞ்சர் ஆனால் அதை அங்கே மாட்டாதீர்கள். பொலேரோவில் பின்சக்கரங்கள்தான் வண்டியைத் தள்ளுகின்றன. இரண்டு பக்கமும் வெவ்வேறு விட்டம் ஓடினால் டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துச் சூடாகும். நல்ல முன் டயர் ஒன்றைக் கழற்றிப் பின்னால் போட்டு, ஸ்டெப்னியை முன்னால் மாட்டி, அதில் கதவுச் சீட்டில் உள்ள பழைய அளவுக்குக் காற்று வைத்து, பஞ்சர் கடை வரை மெதுவாக ஓட்டுங்கள்.