விடுமுறை நாளை எண்ணித் தரும் கணிப்பான்

கிழக்கு லண்டனில் மளிகைக்கடை வைத்திருக்கும் சித்தப்பா போன மாதம் ஒரு கொப்பியை என் முன்னால் விரித்தார். கடையில் மூன்று பேர் வேலை. "இவைக்குச் சம்பளத்தோட எத்தனை நாள் லீவு குடுக்க வேணும்? சரியாப் பாத்துச் சொல்லு தம்பி" என்றார். முதல் இருவரின் பெயருக்கு எதிரே '20 நாளும் வங்கி விடுமுறையும்' என்று எழுதியிருந்தது. மூன்றாவது, நேரம் கிடைக்கும்போது வந்து போகும் மாணவி. அவள் பெயருக்கு எதிரே ஒரு கோடு மட்டும்.

பிரித்தானிய அரசின் கவ் டொட் யூகே தளத்தில் இருக்கும் விடுமுறைக் கணிப்பானைக் கைபேசியில் திறந்தேன். கட்டணம் இல்லை, பதிவு இல்லை, பெயரும் கேட்கவில்லை. பக்கத்துக்கு ஒரு கேள்வி. ஒன்றைப் பிழையாகச் சொல்லிவிட்டால் அந்தக் கேள்விக்குத் திரும்பிப் போய் மாற்றலாம். தமிழில் இல்லை என்பது ஒரு குறை. ஆனால் ஆங்கிலம் எளிமையானது.

முதற்கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது: வேலை நேரம் ஒழுங்கில்லாததா, அல்லது வருடத்தில் ஒரு பகுதி மட்டும் வேலையா? இதற்குத் தரும் பதிலைப் பொறுத்துக் கணக்கின் வழியே மாறிவிடும். நேரம் நிலையாக உள்ளவருக்கு ஆண்டுக்கு 5.6 வாரம், உச்சவரம்பு 28 நாள். ஒழுங்கில்லாதவருக்கு, வேலை செய்த மணிகளில் 12.07 வீதம். ஆண்டின் 52 வாரத்தில் விடுமுறை 5.6 போக மீதி 46.4. அந்த 5.6ஐ இந்த மீதியால் வகுத்தால் வருவதுதான் 12.07 வீதம். பள்ளித் தவணைகளில் மட்டும் கற்பித்த ஓர் இசை ஆசிரியையின் வழக்கில், அப்படிப்பட்டவர்களுக்கு இந்த வீதக் கணக்குப் பொருந்தாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு அரசு விதியைத் திருத்தி, 2024 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் விடுமுறை ஆண்டுகளுக்கு அந்த வீதக் கணக்கைச் சட்டமாகவே ஆக்கியது. ஆகவே பழைய கட்டுரைகளைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

சித்தப்பாவின் மூவரையும் ஒவ்வொருவராகப் போட்டுப் பார்த்தேன். ஆறு நாள் வேலை செய்பவருக்கு 28 நாள். 5.6ஐ ஆறால் பெருக்கினால் 33.6 வரும், ஆனால் உச்சவரம்பு தடுக்கிறது. வங்கி விடுமுறை எட்டையும் சேர்த்தே 28 என்பதால் கொப்பியில் அவருக்கு எழுதியிருந்தது சரி. செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாள் வருபவருக்கு 16.8 நாள். அதை 17 ஆக்கிக் கொடுக்கலாம். 16 ஆக்கக் கூடாது. வங்கி விடுமுறைகளில் பாதி திங்களில் விழுவதால், அவருடைய பங்கை இப்படி வேலை நாளின் அளவில் பார்ப்பதுதான் நேர்மை.

மாணவி ஒரு மாதத்தில் 62 மணி நேரம் வேலை செய்திருந்தாள். 12.07 வீதம் போட்டால் 7.48 மணி. சட்டப்படி அரை மணிக்குக் குறைந்தது விடுபடும், அரை மணியோ கூடவோ என்றால் முழு மணி. ஆக 7 மணி. அதே வேலையைக் கிழமைக்கு 15.5 மணியாகப் பிரித்து வாரச் சம்பளம் கொடுத்திருந்தால் ஒவ்வொரு கிழமையும் 1.87, அதாவது 2 மணி. நான்கு கிழமைக்கு 8. சம்பளக் காலம் மாறினாலே ஒரு மணி கூடுகிறது. இதைக் கணிப்பான் எடுத்துச் சொல்வதில்லை. நாமேதான் பார்க்க வேண்டும்.

வருடத்தின் நடுவில் சேர்ந்தவருக்கும் கணக்கு உண்டு. விடுமுறை ஆண்டு ஏப்ரலில் தொடங்கி, ஒருவர் ஜூலை 1இல் வாரம் மூன்று நாள் வேலைக்குச் சேர்ந்தால் 16.8இல் பன்னிரண்டில் ஒன்பது பங்கு 12.6. வேலையின் முதலாண்டுக்கான விதிப்படி அது 13 ஆக உயரும்.

குறைகளும் உண்டு. விடுமுறை நாளுக்கு எவ்வளவு சம்பளம் என்று இது சொல்லாது. சம்பளம் மாறுபவருக்கு முந்தைய 52 வாரச் சராசரியை வேறாகப் பார்க்க வேண்டும். விடைகளைச் சேமித்து வைக்கும் வசதியில்லை. ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்துக்கு இது உதவாது. சட்டம் சொல்லும் குறைந்தபட்சத்தை மட்டுமே காட்டும். ஒப்பந்தத்தில் கூடுதலாக இருந்தால் அதுதான் செல்லும்.

சிறு கடைக்காரருக்கு இது போதும், நம்பிப் பயன்படுத்தலாம். வேலை செய்பவர்களும் தங்கள் கணக்கை ஒருமுறை இதில் போட்டுப் பாருங்கள். முதலாளியிடம் கேட்கும்போது கையில் ஒரு எண் இருக்கும். சித்தப்பா மாணவியின் பெயருக்கு எதிரே இருந்த கோட்டை வெட்டிவிட்டு '7 மணி' என்று எழுதினார்.