கூரைமேல் ஒரு சோலார் தகடு

2011-இல் தமிழக அரசு அறிவித்த பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீட்டோடு சூரிய ஒளியில் எரியும் 5 விளக்குகளும் சேர்ந்தே வந்தன. கிராமத்துக் கூரைகளுக்குச் சோலார் தகட்டைப் பழக்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 2016 டிசம்பரில் வர்தா புயல் காஞ்சிபுரம் மாவட்டத்து மின்கம்பங்களைச் சாய்த்தபோது, அந்தத் தகட்டின் அருமை எல்லோருக்கும் புரிந்தது.

உத்திரமேரூர் பக்கம் ஒரு வீட்டுக்கு 100 வாட் தகடு, ஒரு சார்ஜ் கன்ட்ரோலர், 12 வோல்ட் பேட்டரி போதும். நல்ல வெயில் நாளில் அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். மூன்று எல்இடி விளக்கும் ஒரு டிசி மின்விசிறியும் மாலை முழுதும் ஓடும்.

இதன் அழகு நுணுக்கத்தில் இருக்கிறது. தகடு தெற்கு பார்த்து, சுமார் 13 பாகை சாய்ந்திருக்க வேண்டும். இந்த ஊரின் அட்சரேகையும் ஏறக்குறைய அதுதான். 12 வோல்ட் தகட்டில் வழக்கமாக 36 செல்கள், ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த பூச்சரம் போல. ஒரு தென்னங்கீற்றின் நிழல் ஓரிரு செல்லில் விழுந்தாலே உற்பத்தி படுத்துவிடும். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணைக்க வேண்டும், பிறகுதான் தகட்டை. பேட்டரியின் வோல்ட்டை அறிந்த பிறகே அது சரியாக வேலை செய்யும்.

சத்தமில்லை, புகையில்லை, டீசல் செலவில்லை. நெல் அறுப்புக் காலத்தில் தகட்டில் தூசி படியும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அது கேட்பது அவ்வளவுதான்.