கேமரா முன் வீரப்பன் ஆடிய ஆட்டம்

ஸ்வீடன்காரர் ஸ்டீக் லார்சனின் நாவலில், பத்திரிகையாளர் ப்ளோம்க்விஸ்ட் 1966ல் எடுக்கப்பட்ட ஊர்வலப் புகைப்படங்களை உற்றுப் பார்த்தே கொலைகாரனின் வாசல்வரை போய்விடுகிறார். நம் ஊர்க் கதை நேர் எதிர். இங்கே கொலைகாரன் யார் என்று குழந்தைக்கும் தெரியும். அவனே நிருபரைக் காட்டுக்குள் வரவிட்டு, கேமராவைப் பார்த்துப் பேசுகிறான்.

நக்கீரன் பத்திரிகை நிருபர்கள் தொண்ணூறுகளில் உயிரைப் பணயம் வைத்து எடுத்த அந்தப் பதிவுகளை வைத்து, சரத் ஜோதி இயக்கத்தில் 2023 டிசம்பரில் ஜீ5ல் வந்த ஆறு பகுதித் தொடர் 'கூச முனிசாமி வீரப்பன்'. மாப்பிள்ளையூரணியில் உப்பள வேலை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்த பையன்கள் அதைச் செல்போனில் ஓடவிட்டுக்கொண்டிருந்தார்கள். "எலே, என்னமா நடிக்கான் பாரு!" என்றான் ஒருவன். அவன் சொன்னதுதான் சரியான விமர்சனம்.

'வனயுத்தம்' படத்தில் வீரப்பனாக வந்த கிஷோர் முறைப்பை நம்பினார். அசல் ஆளுக்கு முறைப்பு தேவைப்படவே இல்லை. சிரிக்கிறார், குரலை ஏற்றி இறக்குகிறார், சம்பவத்தை நடித்தே காட்டுகிறார். கையை நீட்டித் துப்பாக்கியாக்கி, வெடிச் சத்தத்தையும் வாயாலேயே போட்டுவிடுகிறார். கேட்பவன் பயத்தை மறந்து, அப்புறம் என்னாச்சு என்று காத்திருக்கிறான். அங்கேதான் அவர் ஜெயிக்கிறார். நிருபர்களின் திறமை, குறுக்கே விழாமல் பேசவிட்டது. ஆனால் பேசவிடுவதற்கும் ஆடவிடுவதற்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. தொடர் அதைச் சில இடங்களில் தாண்டிவிட்டது.

1991 நவம்பர் 10ல் வீரப்பன் கொன்ற வன அதிகாரி ஸ்ரீநிவாஸை எடுத்துக்கொள்ளுங்கள். வீரப்பனின் சொந்த ஊரான கோபிநத்தத்தில் மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தவர். அவர் படத்தை அந்த ஊர்க்காரர்கள் கோயிலில் வைத்திருக்கிறார்கள். 1993 ஏப்ரலில் பாலாறு கண்ணிவெடியில் 22 பேர் போனார்கள். இவர்கள் யாருக்கும் கேமரா முன் உட்காரும் வாய்ப்பு இல்லை. 2023 ஆகஸ்டில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த செல்வமணி செல்வராஜின் தொடர் இந்த விஷயத்தில் மேல்: மனைவி முத்துலட்சுமி, அதிரடிப்படையினர், கிராமத்தார் என ஆளுக்கொரு பக்கம் நின்று பேசுகிறார்கள். சுவாரசியத்தில் மட்டும் ஜீ5க்கே என் ஓட்டு. அந்த முகம் அங்கேதான் முழுசாக இருக்கிறது.

லார்சனின் நாயகன் எழுதிவிட்டு வீட்டுக்குப் போகலாம். நக்கீரன் ஆசிரியர் கோபாலுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. 2000 ஜூலை 30ல் கன்னட நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டபோது, பேட்டி எடுத்த பத்திரிகைக்காரரே இரண்டு மாநில அரசுகளின் தூதராகக் காடேற வேண்டியதாயிற்று. ராஜ்குமார் வெளியே வர 108 நாள் ஆனது. 2003ல் கோபாலைப் பொடா சட்டத்தில் பிடித்து உள்ளே போட்டார்கள். வீரப்பன் அப்போதும் காட்டில்தான் இருந்தார்.