சப்பத்தண்ணியும் வரமிளகாயும்

திருப்பூரில் ஒரு மெஸ்ஸின் கைப்பக்குவத்தை எடைபோட நினைப்பவர், அங்கே பருப்பு எந்தத் தண்ணீரில் வேகிறது என்று முதலில் விசாரிக்க வேண்டும். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. சிறுவாணித் தண்ணீரில் சமைத்துவிட்டு, ருசியாக வருகிறதே என்று தங்கள் கையைத் தாங்களே மெச்சிக்கொள்வார்கள். இங்கே வீட்டுக்கு இரண்டு தண்ணீர். முறை வைத்துக் குழாயில் வருவது நல்ல தண்ணி, போரில் ஏறுவது சப்பத்தண்ணி. சப்பத்தண்ணியில் துவரம்பருப்பைப் போட்டால் எத்தனை விசில் விட்டாலும் விறைத்துக்கொண்டே நிற்கும். நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து பருப்பை இறுக்கிவிடுகிறது. பாத்திரம் கழுவ, தரை கழுவ எந்தத் தண்ணீராக இருந்தாலும் சரி. உலைக்கு ஆற்றுத் தண்ணீர்தான் என்று பிடிவாதமாக இருக்கும் மெஸ்காரர்தான் ருசி தெரிந்தவர். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் பவானித் தண்ணீரில் வெந்த பருப்புக்கு மஞ்சளும் இரண்டு சொட்டு விளக்கெண்ணெயும் போதும். குழைந்து, கரண்டியிலிருந்து சோம்பலாக இறங்கும்.

உப்பு இந்த ஊரின் தொழிலிலேயே இருக்கிறது. பருத்தியில் சாயம் ஏற வேண்டுமானால் சாயத் தொட்டியில் உப்பைக் கொட்டியாக வேண்டும். நீரில் கரைந்து கிடக்கும் சாயத்தை நூலின் பக்கம் தள்ளிவிடுவது அதன் வேலை. அடர்ந்த கறுப்புக்கும் கருநீலத்துக்கும் லிட்டருக்கு 50 கிராமைத் தாண்டியும் போகும். ரசத்தில் லிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் போனாலே நாம் முகத்தைச் சுளிப்போம். அப்படிக் கொட்டிய உப்பு நொய்யலில் இறங்கி, 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, வழியிலிருந்த கிணறுகளையும் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறை கட்டாயமானதும் ஊரறிந்த கதை. கிணறுகள் பல இடங்களில் இன்னும் கரிக்கின்றன. ஆகவே இந்த வட்டாரத்துச் சமையல்காரர் உப்பு டப்பாவில் கையை விடும்போது, தண்ணீரில் ஏற்கெனவே கிடக்கும் உப்பையும் கணக்கில் வைத்துக்கொள்கிறார். வெளியூரிலிருந்து வரும் மாஸ்டர்களுக்கு இந்தக் கணக்குப் பிடிபட நாளாகும்.

அப்படிப்பட்ட கை சமைக்கும் கொங்குச் சாப்பாட்டில் சாமான்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. செட்டிநாட்டு அடுப்பில் கல்பாசியும் மராட்டி மொக்கும் அன்னாசிப்பூவும் செய்கிற வேலையை இங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. வரமிளகாய், சின்ன வெங்காயம், சீரகம், மல்லி, மஞ்சள், தேங்காய், கறிவேப்பிலை. மிளகாயைத் தவிர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் பக்கத்திலேயே கிடைப்பவை. வெங்காயம் பொங்கலூர், பல்லடம், குண்டடம் பக்கத்துக் காடுகளில் விளைந்து, விலை வரும்வரை பட்டறை போட்டுக் கிடக்கும். மஞ்சள் ஈரோட்டுச் சந்தையிலிருந்து வருகிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. தேங்காய் உடுமலையிலிருந்தும், எண்ணெய் காங்கயத்துக் கொப்பரைக் களங்களிலிருந்தும் வரும். சாமான் இவ்வளவுதான் என்னும்போது, சமையல்காரருக்குத் தன் தவறை ஒளித்துவைக்க மசாலாப் பொடி கிடையாது.

பள்ளிபாளையம் சிக்கனை எடுத்துக்கொள்வோம். பள்ளிபாளையம் நாமக்கல் மாவட்டத்தில், ஈரோட்டுக்கு எதிரே, காவிரிக்கு அக்கரையில் இருக்கிறது. அதுவும் விசைத்தறி ஊர். தறி ஊரின் பண்டம் பனியன் ஊரில் வந்து குடியேறியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இன்று அவிநாசி ரோட்டிலும் பல்லடம் ரோட்டிலும் அந்தப் பெயர் இல்லாத அசைவ மெனுவைப் பார்ப்பது அரிது. பெயர் எங்கும் இருக்கிறது, பண்டம் சில இடங்களில்தான் இருக்கிறது.

அதன் நுட்பம் மிளகாயைக் கிள்ளுவதிலேயே தொடங்கிவிடுகிறது. வரமிளகாயைக் கிள்ளி, விதையை முழுக்க உதறிவிட வேண்டும். காரம் விதையில் இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெளுத்த நரம்பில் இருக்கிறது. உதறும்போது நரம்பும் விதையோடு பெரும்பாலும் போய்விடும். மிஞ்சும் தோலில் நிறமும் வாசனையும் மெல்லிய உறைப்பும் இருக்கும். கை நிறைய மிளகாய் போட்டும் கண்ணில் தண்ணீர் வராமல் சாப்பிட முடிவது அதனால்தான். அடுத்தது எண்ணெய். மிளகாயின் சிவப்பும் சரி, உறைப்பும் சரி, எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. எனவே கோழிக்கு முன்பே மிளகாய்த் தோல் எண்ணெயைச் சந்தித்தாக வேண்டும். வடச்சட்டியில் எண்ணெய் மிதமாகக் காய்ந்திருக்கும்போது போட்டால் தோல் உப்பி, பளபளத்து, எண்ணெய்க்கு நிறத்தை விட்டுக்கொடுக்கும். புகையும் எண்ணெயில் போட்டால் கருகிக் கசக்கும். அந்தக் கசப்பை அதன் பிறகு எதைப் போட்டும் மீட்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது சில நொடிகள். நல்ல மாஸ்டர் அந்த நொடியில் அடுத்தவரோடு பேச மாட்டார்.

பிறகு சின்ன வெங்காயம், தட்டிய பூண்டு, கறிவேப்பிலை. வெங்காயம் சுருண்டதும் கோழி, மஞ்சள், உப்பு. இங்கே உப்பு போடும் நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கோழியோடு உடனே உப்பைப் போட்டால் கறி தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரிலேயே கறி வேகும், வெங்காயம் கரையும், பின்பு தண்ணீர் வற்றும்போது கரைந்த ருசியெல்லாம் திரும்பவும் கறியின்மேலேயே படியும். கடைசியில் போட்டால் உப்பு மேலாக நிற்கும். உள்ளே கறி சப்பென்று இருக்கும். சாயத் தொட்டியில் நிறத்தை நூலுக்குள் ஏற்றும் அதே உப்பு, வடச்சட்டியில் கறிக்குள்ளிருந்து நீரை வெளியே இழுப்பதை இந்த ஊர்க்காரனாக ரசிக்காமல் இருக்க முடியவில்லை. மேலே தண்ணீர் ஊற்றுவது அவசியமானால் தெளிக்கும் அளவுதான். தேங்காய்ச் சில்லு வற்றி வரும் நேரத்தில் சேர வேண்டும். முன்பே போட்டால் வெந்து கொழகொழத்துவிடும். பல்லில் கடிபட்டு, காரத்துக்கு நடுவே இனிப்பாக ஒரு நிறுத்தம் தருவதற்காகத்தான் அது இருக்கிறது. தக்காளி இல்லை, மிளகாய்த்தூள் இல்லை, கரம் மசாலா இல்லை. இலையில் வைத்தால் எண்ணெய் மினுங்க வேண்டும், ஆனால் ஓடக் கூடாது. மிளகாய்த் தோலை ஒதுக்கி வைக்காமல் கறியோடு சேர்த்துத் தின்ன முடிந்தால் அது தேறிய பள்ளிபாளையம்.

சிந்தாமணிச் சிக்கன் இன்னும் கறாரானது. தேங்காயைக்கூட விலக்கிவிட்டு, எண்ணெயையும் குண்டு மிளகாயையும் உப்பையும் நம்பி நிற்கிறது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குத் தடித்த தோல். இந்த வேலைக்கு அதுவே வாகு. கோழி நாட்டுக்கோழியாக இருக்க வேண்டும் என்று இந்தச் சமையலில் அடம்பிடிப்பதற்குக் காரணம் பெருமை மட்டும் அல்ல. பல்லடத்துப் பண்ணைகளில் ஆறு வாரத்துக்குள் எடைக்கு வந்துவிடும் பிராய்லர் சீக்கிரம் வெந்துவிடுகிறது. மிளகாய் எண்ணெயில் நின்று ஊற அதற்கு நேரம் போதாது. பல்லடம்தான் பிராய்லர் விலையைத் தினமும் நிர்ணயிக்கும் ஊர் என்பதால் அதை இகழ்ந்து பேசிவிட்டு இங்கே கடை நடத்த முடியாது. பள்ளிபாளையத்தில் பிராய்லரை மன்னிக்கலாம். சிந்தாமணியில் கூடாது.

புளிப்பு இந்த வட்டாரத்தில் கறிப் பக்கம் அதிகம் வராமல் சோற்றுப் பக்கம் தங்கிவிடும். பச்சைப்புளி ரசம் அடுப்பே ஏறாதது. ஊறவைத்த புளியைக் கரைத்து, சின்ன வெங்காயம், சுட்ட வரமிளகாய், சீரகம், கொத்தமல்லித் தழை, உப்பு, விரும்பினால் துளி வெல்லம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து விடுவார்கள். கொதிக்காத ரசம் என்பதால் தண்ணீரின் குணம் அப்படியே தெரிந்துவிடும். சப்பத்தண்ணியில் கரைத்த பச்சைப்புளி ரசத்தை இரண்டாவது வாய் யாரும் வைக்க மாட்டார்கள். கொள்ளுப் பருப்பைக் கெட்டியாகக் கடைந்து சோற்றில் பிசைந்து, மேலே இந்த ரசத்தை விட்டுச் சாப்பிட வேண்டும். கொள்ளின் மண் வாசம் ஒருபுறம், வேகாத வெங்காயத்தின் சுருக்கு மறுபுறம்.

பச்சைப்புளி ரசம் சாப்பிடும்போதெல்லாம் பிலிப்பைன்ஸ்காரர்களின் சினிகாங்கை நினைத்துக்கொள்வேன். மீனோ இறாலோ பன்றிக்கறியோ கீரையோடு கொதிக்கும் புளிப்புச் சாறு அது. அதற்குப் புளிப்புத் தருபவற்றில் புளியங்காய்க்கு முதலிடம். அந்நாட்டின் உணவெழுத்தாளர் டோரீன் பெர்னாண்டஸ், உலகம் அறிந்த அடோபோவைவிட சினிகாங்தான் தங்கள் நாட்டு நாக்கைச் சரியாகக் காட்டும் என்று வாதாடியவர். அவர் ரசித்து எழுதிய இன்னொன்று அங்கே மேசைமேல் இருக்கும் சின்னக் கிண்ணங்கள். வினிகர், மீன் சாறு, கலமான்சி எலுமிச்சை, மிளகாய் எல்லாம் இருக்கும். சாப்பிடுகிறவர் தனக்கு வேண்டியதைக் கலந்து தொட்டுக்கொள்வார். கடைசி ருசியை அவரே போட்டுக்கொள்கிறார். சமையல்காரர் அதற்காகக் கோபித்துக்கொள்வதில்லை.

நம் இலையிலும் அந்த உரிமை உண்டு. ஓரத்தில் வைக்கும் உப்பு, ஊறுகாய், நெய், தயிர் எல்லாம் அதற்குத்தான். அரிசியும் பருப்பும் சாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய், எல்லாம் ஒரே சட்டியில் வெந்து இறங்குகிறது. சமையல்காரர் அதை வேண்டுமென்றே அரைப் பங்கு அடக்கித்தான் செய்கிறார். மீதியை ஊத்துக்குளி வெண்ணெயில் முருங்கைக்கீரை போட்டு உருக்கிய நெய்யோ, காங்கயத்துத் தேங்காயெண்ணெயோ முடித்துவைக்கும். நான் தேங்காயெண்ணெய்க் கட்சி. சூடான சாதத்தில் பச்சையாக விட்டால் சீரக வாசம் எழுந்து வரும். நெய் அதை அமுக்கிவிடுகிறது. நெய்க் கட்சிக்காரர்களோடு இதைப் பற்றிப் பேசி ஜெயித்தவர் இல்லை. ஆனால் வறுவலுக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. அது அடுப்பிலேயே முடிந்துவிட்ட பண்டம். அதன்மேல் எலுமிச்சம்பழம் பிழிபவரைப் பார்த்தால் மாஸ்டர் மனதுக்குள் திட்டுவது நியாயம்தான்.

ஊருக்குள் உப்பு ஒரே அளவில் இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வரும் அயர்ன்காரருக்கும் சாயப்பட்டறைக்காரருக்கும் பகலெல்லாம் வியர்த்த உடம்பு; அவர்கள் வரும் மெஸ்களில் குழம்பு அரைக்கல் தூக்கலாகத்தான் இருக்கும். ஏசி ஹாலில் உட்கார்ந்து அதைக் குறை சொல்லக் கூடாது. தேனி, மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் குழம்பைக் கெட்டியாக்கினார்கள். ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்தவர்கள் கடுகெண்ணெயைக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய சிறிய மெஸ்களில் சீரகம், சோம்பு, வெந்தயம், கடுகு, கருஞ்சீரகம் ஐந்தும் சேர்ந்து பொரியும் தாளிப்பை நம்மவர்கள் இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை. மைசூர்ப் பருப்பில் அந்த ஐந்து விதைகளையும் போட்டு இறக்கியது, நம் பெரிய ஹோட்டல்களின் சாம்பாரைவிடப் பல நாள் நன்றாக இருக்கிறது.

சனிக்கிழமை சம்பள இரவு இவற்றுக்கெல்லாம் எதிரி. கூட்டம் நெரியும், தீ பெரிதாகும், மிளகாய்க்கு வேண்டிய நொடிகள் கிடைக்காது. அவசரத்தைச் சிவப்புப் பொடியும் சோள மாவும் மூடிவிடும். இதே கொங்குச் சமையலைத் தீயின் போக்கில் விட்டுச் சமைத்தால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் பெருந்துறைக்குப் பக்கத்தில் சீனாபுரம் போகலாம். அங்கே யு.பி.எம். நம்ம வீட்டுச் சாப்பாட்டில் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ரத்தப் பொரியலும் குடலும் தலைக்கறியும் இலையில் வரிசையாக விழும். ஒவ்வொன்றிலும் சாமான் அதே ஏழெட்டுதான், ருசி மட்டும் வேறு வேறு.

திருப்பூரிலேயே சாப்பிடுவதானால் வார நாளில், மதியம் ஒரு மணிக்குள் போங்கள். முதலில் வெறும் சோறும் பருப்பும் கேளுங்கள். பருப்பு குழைந்து, உப்பு நாக்கில் தனியாக நிற்காமல் இருந்தால் கறியை வரச் சொல்லலாம். பள்ளிபாளையத்துக்குத் தக்காளி போடுவீங்களா என்று கேட்டு, 'போடுவோமுங்க' என்று பதில் வந்தால், ஒரு ஆம்லெட் சொல்லிக்கொண்டு தயிர்ச் சோற்றோடு எழுந்துவிடுங்கள்.