‘வெள்ளை மொழி’யில் பள்ளிக்கூடம்: ரேவதியின் தன்வரலாற்றை முன்வைத்து ஒரு வாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

நாமக்கல் வட்டாரத்துச் சிற்றூரில் பிறந்த திருநங்கை எழுத்தாளர் ரேவதியின் ‘வெள்ளை மொழி’ என்னும் தன்வரலாற்றில் இடம்பெறும் பள்ளிக்கால நினைவுகளை இக்கட்டுரை ஆராய்கிறது. மாணவர்களின் கேலியைக் காட்டிலும் அக்கேலிக்கு ஆசிரியர் தரும் ஒப்புதலே பள்ளியைப் பகைப்புலமாக்குகிறது என்பதும், பாலினப் பன்மைக்கான ஆதரவு விழாமேடையோடு நில்லாமல் அன்றாட நடைமுறையில் அமைய வேண்டும் என்பதும் இதன் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: தன்வரலாறு, திருநங்கையர், பள்ளிக்கல்வி, பாலினப் பன்மை, நாமக்கல்

முன்னுரை

தமிழில் திருநங்கையர் தாமே எழுதிய தன்வரலாறுகளுள் லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ (2007), ரேவதியின் ‘வெள்ளை மொழி’ (2011) ஆகிய இரண்டும் முதன்மையானவை. ‘வெள்ளை மொழி’ தமிழில் நூலாவதற்கு முன்பே, 2010இல், வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. உடல், குடும்பம், ஜமாத், காவல்துறை ஆகிய தளங்களில் வைத்தே இந்நூல் பெரிதும் வாசிக்கப்படுகிறது. நூலின் தொடக்கத்தில் சில பக்கங்களே இடம்பெறும் பள்ளிக்கூடம் அவ்வாசிப்புகளில் பின்தங்கிவிடுகிறது. ஆயினும் பின்னர் வரும் இடப்பெயர்வுகளுக்கான முதற்காரணம் அப்பக்கங்களில்தான் உள்ளது.

கேலியும் ஒப்புதலும்

நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான். ரேவதி பள்ளிக்குச் சென்ற காலத்தில் அது சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. சிறுமியருடன் நடந்து பள்ளிக்குச் செல்வதும், அவர்களின் விளையாட்டுகளில் சேர்ந்துகொள்வதும், வீட்டில் வாசல் தெளித்துக் கோலமிடுவதும் அக்குழந்தைக்கு இயல்பாக இருந்தன. உடன் விளையாடிய சிறுமியர் அக்குழந்தையை விலக்கவில்லை. நூலில் காணப்படும் முதல் ஆதரவு இதுவே. ரேவதி இதனை விரித்துரைக்காமல் கடந்துசெல்வது வாசகருக்கு ஒரு குறையாகவே படுகிறது.

சிறுவர்களின் கேலி தெருவிலும் உண்டு, வகுப்பறையிலும் உண்டு. தெருவில் அது கேலியாகவே நின்றுவிடுகிறது. பள்ளியிலோ உடற்கல்வி ஆசிரியர் அதே கேலியைத் தம் வாயால் கூறி, ஆணா பெண்ணா என்று உடலைச் சோதித்துப் பார்க்கும் தொனியில் அக்குழந்தையை அவமதிக்கிறார். அப்போது கேலி தண்டனையாகிறது, நிறுவனத்தின் குரலாகிறது. அவ்வாசிரியரைத் தனிமனிதக் கொடியவராக மட்டும் காண்பது எளிது. ஆனால் ஆண்பிள்ளைகள் ஒருபுறம், பெண்பிள்ளைகள் மறுபுறம் என வரிசை பிரிக்கும் மைதானத்தில், எந்த வரிசையிலும் பொருந்தாத குழந்தையை அணுகும் முறை அவருக்குக் கற்பிக்கப்பட்டிருக்கவில்லை. அவர் அறிந்த ஒரே கருவி பிரம்பு.

திருவிழா மேடையும் வகுப்பறையும்

ஊர் மாரியம்மன் திருவிழாவில் குறத்தி வேடமிட்டு ஆடிய நிகழ்வை ரேவதி மகிழ்வோடு நினைவுகூர்கிறார். பள்ளியில் இழிக்கப்பட்ட அதே நடை, அதே அசைவு, திருவிழாவில் பாராட்டுப் பெறுகிறது. திருச்செங்கோட்டு மலைமேல் மாதொருபாகனை வணங்கும் வட்டாரம் இது. வழிபாட்டிலும் கூத்திலும் பால் கலந்த உருவத்தை ஏற்கும் மரபு இம்மண்ணுக்கு அந்நியமன்று. எனினும் அந்த ஏற்புக்கு ஒரு நிபந்தனை உண்டு: விடிந்ததும் வேடத்தைக் கலைத்துவிட வேண்டும். பிறருக்கு அது வேடம். ரேவதிக்கோ அதுவே மெய்யுருவம். ஊரார் கைதட்டியது நடிப்பின் திறமைக்கு.

இவ்வேறுபாடு இன்றைய பள்ளிகளுக்கும் பொருந்தும். ஆண்டுவிழாவில் பெண்வேடமிட்ட மாணவனுக்குக் கைதட்டும் பள்ளி, மறுநாள் வகுப்பில் அவனை ‘ஒன்பது’ என அழைப்பதைக் கண்டும் காணாதிருக்குமாயின், அது தந்தது ஆதரவு ஆகாது.

பதிவேட்டில் இல்லாத காரணம்

பள்ளி ரேவதியை வெளியேற்றவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வில் அவர் தோல்வியுற்றார். அவ்வளவே பதிவேட்டில் இருக்கும். தம்மைப் போன்றோரை அவர் முதலில் கண்டது பள்ளிக்கு வெளியே, நாமக்கல் மலைக்கோட்டைப் பகுதியில்தான். அங்கிருந்து தொடங்கிய பாதை அவரைத் தில்லிவரை கொண்டுசென்றது. பிற்காலத்தில் தேர்ச்சி விழுக்காட்டாலும் விடுதிப் பள்ளிகளாலும் தமிழகமெங்கும் பெயர்பெற்ற மாவட்டம் நாமக்கல். மதிப்பெண்ணைக் கொண்டு அளக்கும் பள்ளி, ஒரு மாணவர் ஏன் தோற்றார் என்பதைப் பதிவு செய்வதில்லை. அக்காரணத்தைத் தன்வரலாறு பதிவு செய்கிறது. ‘வெள்ளை மொழி’ கல்வி வரலாற்றுக்கும் சான்றாவது இவ்வகையில்தான்.

சட்டமும் பிரதியும்

2019ஆம் ஆண்டு மாற்றுப்பாலினத்தவர் (உரிமைகள் பாதுகாப்பு) சட்டத்தின் 13ஆம் பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் கல்வியோடு விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளையும் பாகுபாடின்றி வழங்க வேண்டும் என்கிறது. ரேவதி அவமதிக்கப்பட்ட மைதானத்தைச் சட்டம் தற்செயலாகவேனும் தொட்டுவிடுகிறது. 2021 ஜூன் மாதம் சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பாலினப் பொதுக் கழிப்பறை, கல்விச் சான்றுகளில் பெயர்மாற்றம், பெற்றோர் ஆசிரியர் கழகங்கள்வழி விழிப்புணர்வு முதலியவற்றைப் பள்ளி, கல்லூரிகளுக்குப் பரிந்துரைத்தார். அதே ஆண்டில் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் ஆசிரியர்களுக்கென வெளியிட்ட பயிற்சிக் கையேடு, எதிர்ப்பு எழுந்ததும் இணையதளத்திலிருந்து நீக்கப்பட்டது. உடற்கல்வி ஆசிரியருக்கு அன்று கிடைக்காத பயிற்சி, எழுதப்பட்ட பின்னும் ஆசிரியர்களின் கைக்கு எட்டாமற் போனது.

ஆசிரியர் நியமனத்திலும் இதே நிலைதான். உத்தரப்பிரதேசத்திலும் குஜராத்திலும் தனியார் பள்ளிகளில் பணிவாய்ப்பை இழந்த திருநங்கை ஆசிரியர் ஜேன் கௌசிக் தொடுத்த வழக்கில், 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு வழங்க ஆணையிட்டது. ஆசிரியருக்கான நீதி மாணவருக்கான நீதியோடு பிணைந்தது. தம்மைப் போன்ற ஒருவரைக் கரும்பலகையருகே கண்டிருந்தால், ரேவதி மலைக்கோட்டைப் பகுதிக்குச் சென்றுதான் தம் இனத்தாரைக் கண்டிருக்க வேண்டும் என்பதில்லை.

முடிவுரை

2019இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக நூலக முகப்பில், டோனி மாரிசன், மாயா ஏஞ்சலோ முதலிய எழுத்தாளர்களின் பெயர்களோடு ரேவதியின் பெயரும் பதாகையில் இடம்பெற்றது. இதனைப் பெருமிதமாகக் கொள்வதில் பிழையில்லை. ஆயினும் அதுவும் ஒரு விழாமேடையே. ‘வெள்ளை மொழி’ பள்ளியிடம் கேட்பது அதனினும் எளியது: வருகைப்பதிவில் தான் விரும்பும் பெயர், அச்சமின்றிச் செல்லத்தக்க கழிப்பறை, கேலியைக் கேட்டதும் அதனைத் தடுத்து நிறுத்தும் ஓர் ஆசிரியர். முதலிரண்டையும் நீதிமன்றமும் அரசும் ஆணையால் தர இயலும். மூன்றாவது ஆசிரியர் கல்வியின் பொறுப்பு. தமிழ் பயிற்றும் ஆசிரியர் இந்நூலின் பள்ளிப் பக்கங்களை வகுப்பில் வைத்து வாசிக்கச் செய்வது அதற்கான நல்ல தொடக்கமாக அமையும்.