கந்தையும் கிர்க்காவும்: சூபிக் கவிதையில் ஆடைக் குறியீடு

குணங்குடி மஸ்தான் சாகிபுவின் (1792–1838) பாடல்களைத் தாயுமானவர் பாடல்களோடும் சித்தர் பாடல்களோடும் ஒப்பிட்டு நோக்குவது தமிழ்த் திறனாய்வில் நெடுங்கால வழக்காகும். அவ்வொப்பீடு பயனுடையதே. ஆயினும் ஒற்றுமையை மட்டும் நாடுமிடத்து, தோற்றத்தால் ஒத்த குறியீடுகளின் பொருள் வேறுபாடு மறைந்துபோதல் கூடும். துறவியின் ஆடை அத்தகைய குறியீடுகளுள் ஒன்றென்பது நமது கருத்து.

யாழ்ப்பாணத்துச் சைவச் சூழலில் வளர்ந்த நமக்குக் கந்தை என்றதும் துறவே நினைவிற்கு வரும். நல்லூர்த் தேரடியிற் பித்தரெனப் பலரும் எண்ணுமாறு திரிந்த செல்லப்பா சுவாமியின் கோலம் அதற்குச் சான்று. கந்தை, ஒருவர் எதனை விட்டார் என்பதைக் காட்டும். சூபிகளின் கிர்க்காவோ எதனைப் பெற்றார் என்பதையும் காட்டும். கிழித்தல் எனப் பொருள்படும் அறபு வினையடியாகப் பிறந்த இச்சொல், சூபிகளிடையே ஞானியர் அணியும் மேலங்கியைக் குறிக்கும். குரு அதனை மாணாக்கனுக்கு அணிவிக்கும்போது வழிவழி வந்த குருமரபும் உடன் கையளிக்கப்படுகின்றது.

ஆயின் பெற்ற ஆடையே செருக்கிற்கும் இடமாகலாம். 11ஆம் நூற்றாண்டில் ஹுஜ்வீரி பாரசீகத்தில் எழுதிய 'கஷ்புல் மஹ்ஜூப்', ஒட்டுப்போட்ட ஆடைக்குத் தனி அதிகாரம் வகுத்து அதன் சிறப்பைக் கூறுவதோடு, ஆடை மட்டும் ஒருவரைச் சூபியாக்காது என்றும் எச்சரிக்கின்றது. 14ஆம் நூற்றாண்டிற் சீராஸ் நகரில் வாழ்ந்த ஹாபிஸ், கிர்க்காவை மதுவுக்கு ஈடுவைப்பதாகப் பாடுவார். இதனைச் சமய மறுப்பெனக் கொள்ளல் பொருந்தாது. அவர் சாடுவது வேடத்தையே. ஆடை குறித்து நின்ற அருளையன்று.

வட இந்தியாவில் நெசவாளரான கபீரின் பெயரால் வழங்கும் பாடலொன்று இக்குறியீட்டை உடலின்மேல் ஏற்றுகின்றது. உடல் இறைவன் நெய்தளித்த போர்வை. மாசுபடாது அதனைத் திருப்பிக் கொடுத்தலே வாழ்வின் பயன். இங்கும் ஆடை, பெறப்பட்ட பொருளாகவே நிற்றல் நோக்கத்தக்கது.

இந்நோக்குடன் குணங்குடியாரை அணுகுதல் வேண்டும். இல்லறம் நீத்து, உலகோர் பித்தரென்று கருத வாழ்ந்த அவரது வறுமைக் கோலத்தை மட்டும் கண்டால் அவரைச் சித்தருள் ஒருவராக்கி அமைதல் எளிது. ஆனால் அவரது 'முகியித்தீன் சதகம்' காதிரிய்யா மரபின் முதல்வரான அப்துல் காதிர் ஜீலானியை நோக்கி எழுந்த வேண்டுதலாகும். எனவே அவரது வறுமை வெறுமையன்று. குருவருளை ஏற்றற்கு விரித்த கை எனலாம்.

இவ்வுண்மை நமக்கும் அயலானதன்று. செல்லப்பா சுவாமியின் வழிவந்த யோகர் சுவாமி (1872–1964) காவி தரியாது வெள்ளை வேட்டியுடனேயே வாழ்ந்தார். ஆடை கைமாறாதபோதும் அருள் கைமாறிற்று. கந்தையிலிருந்து கிர்க்காவை வேறுபடுத்தி அறிந்தபின்னரே இவ்விரு மரபுகளும் உண்மையில் எங்கே சந்திக்கின்றன என்பது புலனாகும். வேற்றுமையை மறைத்துக் காணும் ஒற்றுமை இரு மரபிற்கும் நீதி செய்யாது.